க்ஷயத்தின் தாயாதிகள்

திருத்தணிகை மலைக்குப் படிகள் 365. வருஷத்தின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்று என்று பெரியோர்கள் கணக்குச் சொல்வார்கள். முருகப் பெருமானுடைய ஆறு படைவீடுகளில் ஐந்தாவதாகப் போற்றப்படும் இந்த க்ஷேத்திரத்தில், ஆடிக் கிருத்திகையன்று காவடி தூக்கி வரும் ஜன சமுத்திரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கும். அந்தப் படிகளில் ஏறுகிறவர்களைச் சற்று ஓரமாக நின்று கவனித்தால், வைத்திய சாஸ்திரம் படியாதவர்களுக்கும் ஒரு விஷயம் புலனாகும். சிலர் மூச்சு வாங்காமல் மேலே போய்விடுகிறார்கள். சிலர் இருபது படிக்கு ஒரு முறை கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நின்று இருமுகிறார்கள். மெலிந்த உடம்போடு அப்படி இருமுகிற ஒருவரைக் கண்டால் நம் நாட்டில் யாருக்கும் முதலில் தோன்றும் சந்தேகம் ஒன்றுதான். வாய்விட்டுச் சொல்லாதவர்கள்கூட இரண்டு படி விலகி நின்றுகொள்கிறார்கள்.

அந்தச் சந்தேகத்தைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. 2023-ம் ஆண்டில் உலகத்தில் புதிதாகக் க்ஷயரோகம் கண்டவர்களில் நாலில் ஒருவர் இந்தியர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. ஆகவே, இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருமுகிறவர் க்ஷயம் இருக்கிறதா என்று முதலில் பரீக்ஷித்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இதில் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை.

ஆனால், க்ஷயம் எங்கும் மலிந்திருக்கும் தேசத்தில் வேறொரு சங்கடம் இருக்கிறது. க்ஷயத்தைப் போலவே இருமல், க்ஷயத்தைப் போலவே மாலை ஜுரம், க்ஷயத்தைப் போலவே உடம்பு இளைப்பு, எக்ஸ்ரே படத்தில் க்ஷயத்தைப் போலவே நிழல், பூதக்கண்ணாடியில் பார்த்தால் க்ஷயக் கிருமியைப் போலவே கிருமி. இவ்வளவும் இருந்தும் க்ஷயம் அல்லாத ஒரு வியாதி உண்டு. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஒரே சாயம், ஒரே உருவம்

1882-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ந் தேதி பெர்லின் நகரில் ராபர்ட் காக் என்னும் வைத்தியர், க்ஷயத்துக்குக் காரணம் ஒரு கிருமி என்பதைச் சபையறிய நிரூபித்துக் காட்டினார். இந்தக் கிருமியின் மேல் மெழுகு போன்ற கொழுப்புப் போர்வை ஒன்று இருக்கிறது. அதனால் அதன்மேல் சிவப்புச் சாயம் ஏற்றுவது கடினம். ஒரு முறை ஏறிவிட்டாலோ, திராவகத்தை விட்டுக் கழுவினாலும் போகாது. மற்றக் கிருமிகளெல்லாம் சாயத்தை இழந்து நிற்க, இது மட்டும் செக்கச் செவேலென்று சிறு குச்சியாகத் தெரியும். ஜெர்மானியர்களான ஸீல், நீல்ஸன் இருவரும் வகுத்த இந்த முறையில்தான் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நம் ஆஸ்பத்திரிகளில் சளியைப் பரிசோதித்து வருகிறார்கள். மலிவான முறை; ஒரே நாளில் முடிவு தெரியும்; எத்தனையோ லக்ஷம் பேருடைய உயிரைக் காப்பாற்றியிருக்கிறது.

ஆயினும் இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. சிவப்புச் சட்டை போட்டவன் யார் என்று அது காட்டும். அவன் பெயரைச் சொல்லாது. க்ஷயக் கிருமி பிறந்த குலத்துக்கு மைக்கோபாக்டீரியம் என்று சாஸ்திரத்தில் பெயர். அந்தக் குலத்தில் சுமார் 200 இனங்கள் இருப்பதாக இன்று கண்டிருக்கிறார்கள். குஷ்டரோகக் கிருமியும் அந்தக் குலத்தைச் சேர்ந்ததே. க்ஷயத்தையும் குஷ்டத்தையும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றை எல்லாம் ஒரே கூட்டமாகச் சேர்த்து, க்ஷயமல்லாத மைக்கோபாக்டீரியங்கள் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பெயர் நாக்கில் புரளவில்லை. நம் வீட்டு வழக்கப்படி தாயாதிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரே குலம், ஒரே முகஜாடை. குணமும் நடத்தையும் வேறு.

நீரிலும் மண்ணிலும்

க்ஷயக் கிருமிக்கு மனிதனே வீடு. ஒருவர் இருமும்போது காற்றில் பறந்து, மற்றொருவர் மூச்சில் புகுந்து, இப்படியே அது வம்சத்தை வளர்த்துக்கொள்கிறது. தாயாதிகளுக்கு மனிதனுடைய தயவு வேண்டியதில்லை. மண், குளத்து நீர், தெருப் புழுதி, குழாயின் உட்புறத்தில் படியும் வழவழப்பு ஆகியவை அவற்றின் வாசஸ்தலம். நாம் அனைவரும் தினந்தோறும் அவற்றைக் குடிக்கிறோம், சுவாசிக்கிறோம், ஒன்றும் நேருவதில்லை. நல்ல நுரையீரல் அவற்றைத் துடைத்து வெளியே தள்ளிவிடும்.

தொல்லை வருவது வேறு இடத்தில். முன்பு க்ஷயம் வந்து குணமாகி, நுரையீரலில் வடுவும் குழியுமாக மிச்சம் இருப்பவர்கள். சுவாசக் குழாய்கள் விரிந்து சளி தேங்கி நிற்பவர்கள். பல வருஷம் புகை பிடித்து நெஞ்சைப் பாழாக்கிக்கொண்டவர்கள். வேறு வியாதிக்காக உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்கள். இவர்களிடம்தான் தாயாதிகள் வாலாட்டுகின்றன. சொந்தக்காரன் காலி செய்துவிட்டுப் போன இடிந்த வீட்டில் தாயாதி வந்து குடியேறுவது போல, க்ஷயம் விட்டுப்போன குழியில் இவை குடியேறுகின்றன. க்ஷயம் மலிந்த தேசத்தில் இத்தகைய இடிந்த வீடுகளுக்குக் குறைவு ஏது?

இவர்களைத் தவிர, புகை பிடிக்காத, மெலிந்த, வயதான ஸ்திரீகள் சிலருக்கும் இது வருகிறது. 1992-ல் அமெரிக்க வைத்தியர்கள் இருவர் இதை விவரித்தபோது, நாகரிகத்துக்கு அஞ்சி இருமலை அடக்கிக்கொள்வதால் சளி தேங்கி வருகிறதோ என்று ஊகித்து, ஆங்கில நாடகம் ஒன்றில் வரும் பிரபு குலத்துச் சீமாட்டியின் பெயரை இதற்கு வைத்தார்கள். ஊகம் நிரூபணம் ஆகவில்லை. என்றாலும், பெரியவர்கள் எதிரே இருமக் கூடாதென்று புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொள்ளும் பெண்மணிகள் நிறைந்த நம் நாட்டில், நெஞ்சில் உள்ள சளியை வெளியே கொண்டுவருவது மரியாதைக் குறைவு ஆகாது என்று சொல்லி வைப்பதில் தவறில்லை.

இந்தக் கிருமிகளில் நுரையீரலுக்கு அதிகமாகத் தொல்லை தருபவை மூன்று. முதலாவது, ஏவியம், இன்ட்ராஸெல்லுலார் என்னும் இரட்டையர். ஏவியம் என்றால் பறவையைச் சேர்ந்தது. முதலில் கோழிகளிடம் கண்ட கிருமி அது. இரண்டாவது, 1953-ல் அமெரிக்காவின் கான்ஸாஸ் நகரில் விவரிக்கப்பட்ட கான்ஸாஸி. மூன்றாவது, ஆப்ஸெஸஸ் என்னும் பொல்லாத இனம். மருந்துக்கு எளிதில் மசியாது.

திருவள்ளூர் சொன்ன கதை

இதெல்லாம் மேல்நாட்டுச் சமாசாரம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. இந்தத் தாயாதிகளை உலகப் பிரசித்தி பெறச் செய்த ஊர்களில் ஒன்று, திருத்தணியிலிருந்து ரயிலில் சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கே உள்ள திருவள்ளூர்.

திருத்தணி 1960 ஏப்ரல் முதல் தேதி வரையில் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைக் கிளர்ச்சியின் பயனாக அன்று சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. க்ஷயத்தின் சரித்திரத்திலும் இந்த ஊர் இரண்டு பெரிய இடங்களுக்கு நடுவே அமைந்திருக்கிறது. மேற்கே, பழைய சித்தூர் ஜில்லாவிலே, மதனப்பள்ளிக்கு அருகில் 1915-ல் தொடங்கிய ஆரோக்கியவரம் ஸானடோரியம். கிழக்கே, டாக்டர் சௌரி முத்து 1928-ல் நிறுவிய தாம்பரம் ஸானடோரியம். வசதி படைத்தவர்கள் இவ்விரண்டில் ஒன்றுக்குப் போய்ப் படுக்கையில் மாதக்கணக்காகக் கிடப்பார்கள். மற்றவர்கள் வீட்டுத் திண்ணையில் கிடப்பார்கள்.

இந்த நிலைமையை மாற்றியதும் நம் ஊர்தான். 1956-ல் சென்னைச் சேத்துப்பட்டில் ஏற்பட்ட க்ஷய சிகிச்சை ஆராய்ச்சி நிலையம், ஏழை நோயாளி வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டாலும் ஸானடோரியத்தில் இருப்பவரைப் போலவே குணமடைவார் என்று 1959-ல் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது. அதன் பிறகு தேசந்தோறும் ஸானடோரியங்களின் காலம் அஸ்தமித்தது.

அடுத்தபடியாக எழுந்தது, வந்த வியாதியைத் தீர்ப்பதைவிட வராமலே தடுக்க முடியுமா என்ற கேள்வி. பிரெஞ்சு தேசத்து கால்மெட், கெரின் இருவரும் கண்ட பி.சி.ஜி. மருந்து 1921-ல் முதன்முதலாகக் குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. பிரிட்டனில் 1950-ல் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய சோதனையில், நூற்றுக்கு முக்கால் பங்குக்கு மேல் க்ஷயத்தைத் தடுத்தது. இந்தியாவில் பலன் எப்படி என்று அறியச் செங்கற்பட்டு ஜில்லாவில் திருவள்ளூரையும் சுற்றுக் கிராமங்களையும் தேர்ந்தெடுத்தார்கள். இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் உலக சுகாதார ஸ்தாபனமும் சேர்ந்து 1968-ல் ஆரம்பித்த அந்தச் சோதனையைப் போன்ற பெரிய பி.சி.ஜி. சோதனை அதற்கு முன் நடந்ததில்லை. சுமார் 3,66,000 பேர் பதிவு செய்யப்பட்டார்கள். அவர்களில் சுமார் 2,81,000 பேருக்குச் சிலருக்கு மெய்யான மருந்தும் சிலருக்கு வெறும் நீர் மருந்துமாக ஊசி போட்டார்கள். யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு 15 வருஷம் வீடு வீடாகப் போய்க் கவனித்து வந்தார்கள்.

முடிவு எல்லோரையும் திகைக்க வைத்தது. பெரியவர்களிடம் பி.சி.ஜி. நுரையீரல் க்ஷயத்தைச் சிறிதும் தடுக்கவில்லை. சிறுவர்களிடமும் பலன் சொற்பமே.

ஏன் இப்படி? பல காரணங்கள் சொல்லப்பட்டன. அவற்றில் முக்கியமானது நமது தாயாதிகள். ஊசி போடுவதற்கு முன்பே அந்த ஜனங்களின் கையில் இரண்டு விதமான தோல் பரிசோதனைகள் செய்திருந்தார்கள். ஒன்று க்ஷயக் கிருமியின் சத்தைக் கொண்டது. மற்றொன்று இன்ட்ராஸெல்லுலார் இனத்தின் சத்தைக் கொண்டது. இரண்டாவது பரிசோதனையில் மிகப் பெரும்பாலோருடைய தோல் தடித்தது. அதாவது, பிள்ளைப் பிராயத்திலேயே அந்தப் பக்கத்து ஜனங்களின் உடம்பு தாயாதிகளோடு பழகிவிட்டது. அந்தப் பழக்கமே ஓரளவு காப்பாகிவிட்டால், அதற்கு மேல் பி.சி.ஜி. தரும் காப்பு எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? 1966-லேயே பால்மர், லாங் என்ற அமெரிக்கர்கள் கினிப் பன்றிகளிடம் இத்தகைய விளைவைக் கண்டிருந்தார்கள். பின்னர் சேத்துப்பட்டு ஆராய்ச்சியாளர்கள் அதே கிராமங்களின் மண்ணையும் நீரையும் புழுதியையும் ஜனங்களின் சளியையும் சோதித்து, ஏவியம்-இன்ட்ராஸெல்லுலார் கூட்டமும் வேறு பல இனங்களும் அங்கே வாழ்வதை 1985-லும் 1994-லும் எழுதி வெளியிட்டார்கள்.

இதனால் பி.சி.ஜி. வீண் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கொடிய க்ஷயத்திலிருந்து அது காப்பாற்றுகிறது. அதற்காகவே இன்றும் நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கு அதைப் போடுகிறார்கள். போடத்தான் வேண்டும்.

பெயர் தவறினால் என்ன?

"ஏதோ ஒரு கிருமி, மருந்தைச் சாப்பிட்டால் போகிறது, பெயரில் என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். பெயரில் மிகுதியும் இருக்கிறது.

கணித மேதை ராமானுஜன் 1917-ல் இங்கிலாந்தில் நோய்வாய்ப்பட்டபோது, இந்தியர், மெலிந்த தேகம், விட்டு விட்டு ஜுரம் என்று கண்டு க்ஷயம் என்றே பெயரிட்டார்கள். அங்கே மெண்டிப் குன்றில் ஸானடோரியம் நடத்தி வந்த அதே சௌரி முத்துவிடமும் அவர் சிகிச்சை பெற்றார். தாய்நாடு திரும்பி 1920 ஏப்ரல் 26-ந் தேதி சேத்துப்பட்டில் காலமானார், வயது 32. டி. ஏ. பி. யங் என்ற வைத்தியர் 1994-ல் பழைய குறிப்புகளை ஆராய்ந்து, அவருக்கு இருந்தது க்ஷயமல்ல, ஈரலில் ஏற்பட்ட அமீபா நோய் என்றும், அந்தக் காலத்திலேயே அதற்கு மருந்து உண்டு என்றும் எழுதினார். நூறு வருஷத்துக்கு முந்திய விஷயத்தைத் தீர்மானமாகச் சொல்ல இயலாது. ராமானுஜனுக்கும் நமது தாயாதிகளுக்கும் சம்பந்தமும் இல்லை. ஆனால் எங்கும் க்ஷயமாக இருக்கும்போது எதையும் க்ஷயமென்று எண்ணிவிடுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிட மனத்தை வருத்தும் உதாரணம் வேண்டியதில்லை.

தாயாதி நோயில் நடப்பது இதுதான். சளியில் சிவப்புக் குச்சிகளைக் கண்டவுடன் க்ஷய மருந்து ஆரம்பமாகிறது. ஐஸோனியாஸிட், ரிபாம்பிஸின், பைரஸினமைட், எதம்புடால் என்னும் நாலு மருந்துகள், ஆறு மாதம். க்ஷயத்துக்கு இது ராமபாணம். ஏவியம் இனத்துக்கோ நாலில் இரண்டு அநேகமாக வீண். ஆறு மாதம் கழித்தும் இருமல் நிற்காது. சளியில் குச்சிகள் போகா. நோயாளி ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை என்று அவர்மேல் பழி விழும். அல்லது, மருந்துக்கு அடங்காத க்ஷயம் என்று முடிவு செய்து, இன்னும் கடுமையான மருந்துகளைக் கொடுப்பதும் உண்டு. காது மந்தமாவது, நரம்பு தளர்வது போன்ற துன்பங்கள் அவற்றால் வரக்கூடும். உடம்புக்கு வந்த துன்பம் ஒரு பக்கம். தனித் தட்டு, தனித் தம்ளர், நின்றுபோன கல்யாணப் பேச்சு, பேரக் குழந்தையைத் தூக்க முடியாத ஏக்கம் ஆகியவை இன்னொரு பக்கம். க்ஷயரோகிக்கே இந்தக் கொடுமை தகாது. தாயாதி நோயோ சாதாரணமாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதே இல்லை. தொற்றாத வியாதிக்காக ஒருவரை வீட்டுக்குள்ளேயே தள்ளி வைப்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதற்கு எதிரான தவறும் உண்டு. சளியில் ஒரு முறை தாயாதி அகப்பட்டதனாலேயே ஒருவருக்கு நோய் என்று சொல்லிவிட முடியாது. வாய் கொப்பளித்த குழாய் நீரிலிருந்தும் அது சளியில் சேர்ந்திருக்கலாம். திண்ணையில் உட்கார்ந்திருப்பவனெல்லாம் வீட்டுக்காரன் ஆவானா? ஆகையால் வைத்தியர்கள் மூன்று சாட்சிகளைக் கேட்கிறார்கள். நோயின் குறிகள் இருக்க வேண்டும். எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் படத்தில் அதற்கேற்ற மாறுதல் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்த இரண்டு சளிகளிலாவது ஒரே இனத்துக் கிருமி வளர வேண்டும். சளி வராதவர்களுக்குச் சுவாசக் குழாயைக் கழுவி எடுத்த நீரில் ஒரு முறை வளர்ந்தால் போதும்.

தெளிந்து கொள்ளும் வழி

நல்ல காலமாக, சந்தேகம் தீர வழிகள் இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. க்ஷயக் கிருமியின் மரபணுவைத் தேடிப் பார்த்து இரண்டு மணி நேரத்துக்குள் விடை சொல்லும் யந்திரத்தை உலக சுகாதார ஸ்தாபனம் 2010-ல் அங்கீகரித்தது. சர்க்கார் க்ஷய நிவாரணத் திட்டத்தில் இந்தப் பரிசோதனை இலவசம். பூதக்கண்ணாடியில் சிவப்புக் குச்சிகள் தெரிகின்றன, யந்திரமோ க்ஷயம் இல்லை என்கிறது என்றால், தாயாதியைச் சந்தேகிக்க வேண்டிய நேரம் அது. அப்போது சளியைக் கிருமி வளர்க்கும் ஆய்வுசாலைக்கு அனுப்பி, வளர்ந்த கிருமி எந்த இனம் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும், பொறுமை வேண்டும். சேத்துப்பட்டு நிலையம், இப்போது தேசிய க்ஷய ஆராய்ச்சி ஸ்தாபனம் என்ற பெயருடன், இத்தகைய ஆராய்ச்சிகளை நடத்தி வருகிறது.

இனம் தெரிந்தால் சிகிச்சையும் தெளிவாகும். கான்ஸாஸி இனம் க்ஷய மருந்துகள் சிலவற்றுக்கே அடங்கும். ஏவியம் இனத்துக்கு அஸித்ரோமைஸின், எதம்புடால், ரிபாம்பிஸின் மூன்றும் சேர்ந்த மருந்து. சளி சுத்தமான பிறகும் ஒரு வருஷம் தொடர வேண்டும். எதம்புடால் சாப்பிடுகிறவர்கள் கண் பார்வையை அவ்வப்போது பரீக்ஷித்துக்கொள்வது அவசியம். நோய் இலேசாக இருந்தால், மருந்து தொடங்காமல் கவனித்து மட்டும் வருவதும் உண்டு. இதையெல்லாம் தீர்மானிக்க வேண்டியவர் நுரையீரல் வைத்தியர்.

வீட்டுக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டியவை சிலவே. இரண்டு வாரம் இருமினால் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்கக் கூடாது. க்ஷயம் என்று நிச்சயமானால், இந்தக் கட்டுரையைக் காட்டி மருந்தை நிறுத்தக் கூடாது. நம் நாட்டில் பெரும்பாலும் அது க்ஷயமாகவே இருக்கும். ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் சளி சுத்தமாகவில்லை என்றாலும், பழைய க்ஷயம் ஆறிப் பல வருஷத்துக்குப் பின் மறுபடி இருமல் கண்டாலும், "கிருமியை வளர்த்துப் பார்த்தீர்களா? எந்த இனம்?" என்று வைத்தியரை மரியாதையுடன் கேட்கலாம். இருமலுக்கு என்று மருந்துக் கடையில் அஸித்ரோமைஸினைத் தாமாக வாங்கிச் சாப்பிடுவது மிகத் தவறு. தனியாக அதைச் சாப்பிட்டுப் பழகினால், பிற்பாடு அவசியமான சமயத்தில் அந்த மருந்து கைகொடுக்காது. நுரையீரல் பழுதுபட்டவர்கள் புழுதி பறக்கும் தோட்ட வேலையின் போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்வதும், வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை அடிக்கடி கழுவி வைப்பதும் நல்லது. சளி கொடுக்கப் போகும்போது, கொதிக்க வைத்து ஆறிய நீரால் வாயைக் கொப்பளித்துவிட்டுப் போகலாம்.

க்ஷயத்தை ஒழிக்க வேண்டும் என்பது நம் தேசம் மேற்கொண்டிருக்கும் பெரிய விரதம். அந்த விரதம் நிறைவேற நிறைவேற, இருமுகிறவர்களில் க்ஷயம் அல்லாதவர்களின் பங்கு ஏறிக்கொண்டே போகும். அவர்களைப் பிரித்தறியும் பொறுப்பும் கூடவே வளரும். படியோரத்தில் நின்று இருமுகிறவருக்கு நாம் முதலில் செய்யக்கூடிய உபகாரம், விலகிப் போகாமல் சரியான பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது. இரண்டாவது உபகாரம், விடை வருகிற வரையில் அவருக்கு நாமாக ஒரு பெயர் வைக்காமல் இருப்பது.